ஸ்பிண்டிலின் கருகிய கனெக்டர்: கழற்றி எறிவதற்கு முன் பார்க்க வேண்டியவை

திருவிடைமருதூர்ப் பக்கம் கதவுகளுக்கும் பூசை அறைகளுக்கும் மர வேலைப்பாடு செய்யும் பட்டறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான்குக்கு எட்டு அடி மேசை கொண்ட சி.என்.சி. ரவுட்டரில் (கணினி சொல்படி மரம் செதுக்கும் மிஷின்) 2.2 கிலோவாட் தண்ணீர்க் குளிர்விப்பு ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்) ஓடுகிறது. ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் வி.எஃப்.டி. (ஸ்பிண்டிலுக்கு மின்சாரம் கொடுத்து வேகத்தை மாற்றும் பெட்டி) ஓவர்கரண்ட், அதாவது மின்னோட்டம் மிகுந்துவிட்டது, என்று காட்டி நின்றுவிடுகிறது. தலையில் இருக்கும் வட்டக் கனெக்டரைத் திருகி எடுத்துப் பார்த்தால் உள்ளே பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருக்கிறது. பார்க்க வந்த மெக்கானிக், ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கனெக்டரை மட்டும் மாற்றினால் போதுமா, எந்த வயர் எந்த முள்ளுக்குப் போக வேண்டும், தை மாதக் கிரகப்பிரவேசத்துக்குத் தர வேண்டிய கதவு பாதியில் நிற்பதால் இப்போதைக்கு வயரை நேராக முறுக்கி டேப் சுற்றி ஓட்டலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

டேப் சுற்றி ஓட்டக் கூடாது. ஸ்பிண்டிலை மாற்ற வேண்டுமா என்பதை மெக்கர் (மின்காப்பு கசிகிறதா என்று அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. வந்தவர் மெக்கர் வைத்ததாக உங்கள் கேள்வியில் இல்லை. என் அனுபவத்தில் கனெக்டர் கருகிய ஸ்பிண்டில்களில் பெரும்பாலானவற்றின் வைண்டிங் (உள்ளே சுற்றிய செம்புக் கம்பிச் சுருள்) நன்றாகவே இருந்திருக்கிறது. ஆனால் கருகிய கனெக்டரை அதே மாதிரி வாங்கி அதே மாதிரி பொருத்தினால் அது மறுபடி கருகும். கனெக்டர் தானாகக் கருகுவதில்லை, வேறு ஏதோ ஒன்று அதைக் கருக்கியிருக்கிறது. அந்த ஒன்று எது என்பது கருகிய கனெக்டரிலேயே எழுதியிருக்கும். ஆகவே அதைக் குப்பையில் போடாமல் ஒரு வெள்ளைத் தாளின் மேல் எடுத்து வையுங்கள்.

அதற்கு முன், கை வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மெயின் எம்.சி.பி.யை இறக்கிய பிறகும் வி.எஃப்.டி.க்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். 230 வோல்ட் ஒற்றைப் பேஸில் ஓடும் வி.எஃப்.டி. உள்ளே சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. மூன்று பேஸ் 415 வோல்ட்டில் ஓடுவதாக இருந்தால் அது 580 வோல்ட்டைத் தாண்டும். டிஸ்பிளே அணைந்துவிட்டது என்பதற்காக அது வடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. குறைந்தது பத்து நிமிடம் விட்டு, வி.எஃப்.டி.யில் பி, என் என்றோ கூட்டல், கழித்தல் என்றோ குறித்த முனைகள் இருந்தால் அவற்றுக்கு இடையே மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து, ஓரிரண்டு வோல்ட்டுக்கு இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். இன்னொன்று, ஸ்பிண்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது கனெக்டரை ஆட்டிப் பார்ப்பதோ கழற்றுவதோ கூடவே கூடாது. அந்த நொடியில் எழும் தீப்பொறியும் வோல்டேஜ் துள்ளலும் வி.எஃப்.டி.க்குள் மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும் ஐ.ஜி.பி.டி. என்ற பாகத்தைக் கொன்றுவிடக்கூடும், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்துக்குப் போய்விடும்.

இனிக் கருகலைப் பார்ப்போம். நான்கு முள்ளில் ஒரே ஒரு முள்ளைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பாகி, பிறகு கறுத்து, அந்த முள் சாய்ந்திருந்தால், அந்த ஒரு முனையில் தொடுகை தளர்ந்திருக்கிறது அல்லது ஈயப்பற்று விட்டிருக்கிறது. இதுதான் மிகவும் பொதுவானது. கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் முழுச் சுமையில் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். நல்ல தொடுகையின் மின்தடை ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான். அது தளர்ந்து பத்தில் ஒரு ஓம் ஆனால், 8 பெருக்கல் 8 பெருக்கல் 0.1, அதாவது 6.4 வாட் வெப்பம் அந்த முள்ளிலேயே பிறக்கிறது. தீக்குச்சிப் பருமன்கூட இல்லாத ஒரு முள்ளுக்கு, சுற்றிலும் பிளாஸ்டிக் மூடிக் காற்றும் போகாத இடத்தில், அது ஒரு சிறு சால்டரிங் அயர்ன். நாம் சாதாரணமாக வைக்கும் ஈயம் 183 டிகிரியிலேயே இளகிவிடும். இளகிய ஈயம் வழிந்து பக்கத்து முள்ளைத் தொடும் நொடியில்தான் உங்கள் வி.எஃப்.டி. ஓவர்கரண்ட் என்று கத்துகிறது. ஓடத் தொடங்கியவுடன் நிற்காமல் பத்து நிமிடம் கழித்து நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இந்தக் கதைக்குத்தான் பொருந்துகிறது.

ஒரு முள்ளிலிருந்து இன்னொரு முள்ளுக்குக் கறுப்பு நூல் ஓடியது போலப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் கோடு தெரிந்தால் அது வேறு கதை. ஈரமும் மரத்தூளும் சேர்ந்து அங்கே மின்சாரம் ஊர்ந்து, ஊர்ந்த வழியெல்லாம் கரியாகியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கத்துப் பட்டறைகளில் இது நிறைய வரும். தகரக் கொட்டகை, தரையில் ஓதம், காற்றில் மாவு போல மிதக்கும் தேக்குத் தூள், போதாக்குறைக்கு ஸ்பிண்டிலின் தலையிலேயே தண்ணீர்க் குழாய் இரண்டு. அந்தக் குழாயின் நெகிழ்ந்த பூட்டிலிருந்து ஒரு துளி இறங்கினால் அது நேராகக் கனெக்டரின் கழுத்தில்தான் உட்காரும். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர்வெல் தண்ணீரையே வாளியில் ஊற்றி ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த உப்புத் தண்ணீர் ஸ்பிண்டிலின் உள் வழியையும் அடைக்கும், கனெக்டரில் பட்டால் நன்றாக மின்சாரமும் கடத்தும்.

மூன்றாவது வகையில் கருகலே பெரிதாக இருக்காது. வயர் முள்ளோடு சேரும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் நான்கைந்து இழைகள் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். கேபிளின் பாரம் முழுவதும் ஈயப்பற்றில் தொங்கியிருக்கிறது என்று அதற்குப் பொருள். அறுவடைக் காலத்தில் வயலிலிருந்து பட்டறைக்குக் குடிவரும் எலிகளும் கேபிளைக் கடிப்பதுண்டு; அதற்குப் பல் தடம் சாட்சி சொல்லும்.

எந்த வகை என்று தெரிந்த பிறகு ஸ்பிண்டிலைச் சோதியுங்கள். கேபிள் கழன்று ஸ்பிண்டில் தனியாக இருக்க வேண்டும். மெக்கர் வைக்கும்போது வி.எஃப்.டி. இணைந்திருந்தால் அது செத்துவிடும். முதலில் மல்டிமீட்டரை ஓமில் வைத்து 1-2, 2-3, 1-3 ஆகிய மூன்று பேஸ் முள் இணைகளையும் அளவெடுங்கள். ஓரிரண்டு ஓம் அளவில் ஏதோ ஓர் எண் வரும். எண் எவ்வளவு என்பதைவிட மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். முள் கருகியிருந்தால் அதைச் சுரண்டிவிட்டு அளந்து பாருங்கள், இல்லாவிட்டால் கரியின் தடையையும் சேர்த்துப் படித்து வைண்டிங் போய்விட்டது என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம். பிறகு 500 வோல்ட் மெக்கரின் ஒரு முனையை ஏதாவது ஒரு பேஸ் முள்ளிலும் மறுமுனையை ஸ்பிண்டிலின் உடம்பில் பளபளப்பான உலோகம் தெரியும் இடத்திலும் வையுங்கள். உள்ளே மூன்று வைண்டிங்கும் இணைந்திருப்பதால் ஒரு முள்ளே போதும். பத்து, நூறு மெகாஓம் என்று வந்தால் கவலையில்லை. ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தாலும் உடனே வைண்டிங் மேல் பழி போட வேண்டாம். தண்ணீர் வடித்து, கனெக்டரையும் அவிழ்த்து வைத்துவிட்டு, ஸ்பிண்டிலை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்துப் பக்கத்தில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை அரை நாள் எரியவிட்டு மறுபடி அளந்தால் பல சமயம் ஏறிவிடும். அப்படியும் ஏறவில்லை என்றால்தான் அந்த மெக்கானிக் சொன்னது சரி.

அடுத்து கேபிள். மல்டிமீட்டர் கீச்சென்று சத்தம் போட்டால் வயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வதுதான் நம்மில் பலர் செய்யும் பிழை. முப்பது இழையில் இருபத்தெட்டு அறுந்து இரண்டு மட்டும் மிச்சமிருந்தாலும் அது கீச்சிடும். வயருக்குச் சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு நான் டிராக்டர் பேட்டரியையும் 55 வாட் முகப்பு விளக்கு பல்பையும் பயன்படுத்துகிறேன். கேபிளை வி.எஃப்.டி.யிலிருந்தும் கழற்றி, அதன் ஒரு வயரின் வழியாகப் பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்புக்குக் கொடுத்தால் சுமார் நாலரை ஆம்பியர் ஓடும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே கேபிளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, முக்கியமாக டிராக் செயினுக்குள் (மிஷினோடு நகரும் கேபிளைத் தாங்கும் சங்கிலி) மடங்கும் இடங்களில், கையால் வளைத்து வளைத்துப் பாருங்கள். வெளிச்சம் ஒருமுறை மங்கினாலும் அந்த இடத்தில் வயர் செத்திருக்கிறது. நான்கு வயரையும் இப்படிப் பார்க்க ஒரு கால் மணி நேரம் ஆகும். வீட்டு வயரிங்குக்கு விற்கும் தடித்த இழை வயரை டிராக் செயினில் போட்டிருந்தால் சோதிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்; மெல்லிய இழைகள் நிறைய உள்ள, வலைக்கவசம் சுற்றிய நான்கு கோர் கேபிள்தான் அங்கே வேண்டும். 2.2 கிலோவாட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் தாராளம். அதைவிடத் தடிமனாக வாங்கினால் கனெக்டரின் முள்ளுக்குள் நுழையாது, நுழைப்பதற்காக இழைகளை வெட்டிக் குறைக்கும் பாவத்தையும் செய்ய வேண்டிவரும்.

கனெக்டரைக் கடையில் ஏவியேஷன் கனெக்டர் என்று கேட்டால் கிடைக்கும். இந்த ஸ்பிண்டில்களில் வருபவை பெரும்பாலும் ஜி.எக்ஸ். 16 அல்லது ஜி.எக்ஸ். 20 நான்கு முள் வகை. அந்த எண் அது உட்காரும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். பழையதை அளந்துவிட்டே வாங்குங்கள். 8 ஆம்பியருக்கு 20தான் சரி. உங்கள் ஸ்பிண்டிலில் 16 இருக்கிறது என்றால், கருகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எழுதிக்கொள்ளலாம். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவிலிருந்து கூரியரில் வரவழைக்கலாம், ஆணும் பெண்ணுமாக இரண்டு பாதியையும் புதிதாக வாங்க வேண்டும், கருகிய முள்ளோடு புதுச் சாக்கெட்டைச் சேர்த்தால் புதியதும் பழையதாகிவிடும். கைக்கு வந்ததும் ஒன்று செய்து பாருங்கள்: ஆண் பாதியைப் பெண் பாதிக்குள் செருகி, வெளி வளையத்தைத் திருகாமல், தலைகீழாகப் பிடியுங்கள். முட்களின் பிடியிலேயே அது தொங்க வேண்டும். கழன்று விழுந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

ஸ்பிண்டிலின் தலையில் ஆண் முள், கேபிளில் பெண் துளை. இதை மாற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மின்சாரம் வருவது கேபிள் பக்கத்திலிருந்து; கேபிளில் ஆண் முள் இருந்தால், கழற்றிய கேபிள் தரையில் கிடக்கும்போது யாராவது வி.எஃப்.டி.யை ஓட்டிவிட்டால் வெறும் முட்களில் உயிர் போகும் அளவுக்கு மின்சாரம் நிற்கும்.

தலையைத் திறப்பதற்கு முன் கைபேசியில் நான்கைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை முழுதாக வடித்து, குழாய்களைக் கழற்றி, மூடியின் ஆலன் ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். மூடியை வெடுக்கென்று தூக்க வேண்டாம். கனெக்டரிலிருந்து வைண்டிங்குக்குப் போகும் வயர்கள் விரல் நீளம்தான் இருக்கும், அவை வைண்டிங்கோடு சேரும் இடம் அறுந்துவிட்டால் அதன் பிறகு உண்மையாகவே ரீவைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும். தண்ணீர் வழியில் ரப்பர் வளையங்கள் இருந்தால் அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள், நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள். பழைய கனெக்டரின் பின்புறம் எந்த வயர் எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு வயரிலும் எண் எழுதிய காகிதத் துண்டை ஒட்டுங்கள். முள்ளின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். 1, 2, 3 மூன்றும் பேஸ், 4 எர்த் என்பது பொது வழக்கம், ஆனால் வழக்கத்தை நம்ப வேண்டாம், உங்கள் கண் பார்ப்பதை நம்புங்கள்.

ஈயம் வைப்பதில்தான் இந்த வேலையின் ஆயுள் இருக்கிறது. 25 வாட் அயர்ன் இதற்குப் போதாது. அது முள்ளைச் சூடாக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பிளாஸ்டிக் இளகி முள் சாய்ந்துவிடும். 60 வாட், அகலமான முனை, சட்டென்று வைத்துச் சட்டென்று எடுக்கும் கை. வேலை நடக்கும்போது மறுபாதிக் கனெக்டரையும் செருகி வைத்துக்கொண்டால் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகினாலும் முட்கள் நேராகவே நிற்கும். பழைய வயரைக் கறுப்பு போகும் வரை வெட்டித் தள்ளி, ஆறு மில்லிமீட்டர் அளவுக்கு உரியுங்கள். செம்பு மங்கிக் கறுத்திருந்தால் ஈயம் ஒட்டாது; வைண்டிங் கம்பியே நேராகக் கனெக்டர் வரை வந்திருந்தால் அதன் மேல் எனாமல் பூச்சு இருக்கும், பிளேடால் சுற்றிலும் சுரண்டிச் செம்பின் சிவப்பைப் பார்க்க வேண்டும். வயருக்குத் தனியாக ஈயம் பூசுங்கள். முள்ளின் பின்னால் இருக்கும் சிறு கிண்ணத்தைப் பாதி அளவு ஈயத்தால் நிரப்புங்கள். பிறகு கிண்ணத்தை வெளிப்பக்கமிருந்து சூடாக்கி, உள்ளே ஈயம் வெள்ளிபோலப் பளபளத்து அசையும்போது வயரை இறக்கி, அயர்னை எடுத்து, ஐந்து விநாடி கையை ஆட்டாமல் பிடித்திருங்கள். ஆறிய பற்று வழவழவென்று வயரின் மேல் ஏறி நிற்க வேண்டும். உருண்டையாக, மணி மணியாக, சாம்பல் நிறத்தில் நின்றால் அது ஒட்டியது போல நடிக்கிறது. இழுத்தால் வரும், இழுக்காவிட்டாலும் மூன்று மாதத்தில் வரும். ஈயம் ஒட்டுவதற்குத் தடவும் பிளக்ஸ் ரோசின் வகையாக இருக்கட்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடம் இருக்கும் நவச்சாரத்தை வாங்கிவந்து இதில் தேய்க்க வேண்டாம்; பாத்திரத்தைக் கழுவிவிடலாம், கனெக்டரின் உள்ளே தங்கும் நவச்சாரம் செம்பை அரித்துக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் எல்லோரும் செய்யும் ஒரு மறதி உண்டு. முப்பது ஆண்டு வேலை பார்த்தவனும் செய்வான். கேபிள் பக்கத்தில் நான்கு பற்றையும் அழகாக வைத்து முடித்துவிட்டுத் திரும்பினால், கனெக்டரின் வெளிக்கூடும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் துண்டுகளும் மேசையில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றை முதலிலேயே கேபிளில் கோத்திருக்க வேண்டும். ஸ்லீவ் இல்லாமல் விட்டுவிடலாம் என்று அப்போது மனது சொல்லும். விடாதீர்கள், நான்கையும் அவிழ்த்துக் கோத்து மறுபடி வையுங்கள். ஒவ்வொரு முள்ளுக்கும் தனித்தனி ஸ்லீவ், முள்ளின் அடிவரை ஏறியிருக்க வேண்டும்.

நான்காவது முள்ளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. விலை மலிவான ஸ்பிண்டில்கள் பலவற்றில் அந்த முள் வெளியே அழகாக இருக்கும், உள்ளே அதில் ஒன்றுமே இணைந்திருக்காது. சில ஆண்டுகளுக்கு முன் பாபநாசத்துக்கு அருகில் ஒரு பட்டறையில், மழை நாளில் வெறுங்காலோடு நின்று ஸ்பிண்டிலைத் தொட்டால் சுரீரென்கிறது என்று கூப்பிட்டார்கள். கேபிளில் எர்த் வயர் இருந்தது, வி.எஃப்.டி.யில் எர்த் இருந்தது, சுவரில் எர்த் இருந்தது. மூன்று மணி நேரம் எல்லாவற்றையும் தேடிவிட்டுக் கடைசியில் தலையைத் திறந்தபோது நான்காவது முள்ளின் கிண்ணம் ஈயமே படாமல் புதிதாக மின்னியது. அதே பட்டறைக்கு ஓராண்டு முன்பு நானே ஒரு கேபிள் மாற்றிக் கொடுத்திருந்தேன். அன்று நான்காவது முள்ளுக்கும் உடம்புக்கும் இடையே ஒரு முறை மல்டிமீட்டரை வைத்திருந்தால் அந்த மனிதருக்கு அந்த அடி விழுந்திருக்காது.

ஆகவே தலை திறந்திருக்கும்போதே, மூடியின் உட்புறத்திலோ உடம்பிலோ ஒரு ஸ்க்ரூ துளையைச் சுற்றிப் பெயிண்டையும் பூச்சையும் சுரண்டி, வளைய லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) ஒன்றைப் பல்வாஷரோடு இறுக்கி, அங்கிருந்து பச்சை வயரை 4ஆம் முள்ளில் பற்றவைத்துவிடுங்கள். மூடி முடுக்கிய பிறகு, ஸ்பிண்டிலின் உடம்பிலிருந்து வி.எஃப்.டி.யின் எர்த் முனை வரை அளந்தால், மீட்டர் வயரின் சொந்தத் தடையைக் கழித்துவிட்டு, அரை ஓமைத் தாண்டக் கூடாது. கேபிளின் வலைக்கவசத்தையே எர்த்தாகப் பயன்படுத்துவது தவறு. அது இரைச்சலை அடக்குவதற்கு, உயிரைக் காப்பதற்கு அன்று. வலைக்கவசத்தை வி.எஃப்.டி. முனையில் வால் போல முறுக்கிக் கட்டாமல், வெளித்தோலை உரித்து அதன் முழுச் சுற்றளவையும் ஒரு உலோகக் கிளாம்பால் பெட்டியின் தகட்டோடு அழுத்திப் பிடித்தால் நல்லது. ஸ்பிண்டில் பக்கத்திலும் கனெக்டரின் உலோகக் கூட்டோடு சேர்ப்பதா வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது, வி.எஃப்.டி. தயாரிப்பாளர்களின் கையேடுகளில் பெரும்பாலானவை இரு முனையிலும் சேர்க்கச் சொல்கின்றன, நானும் அதன்படியே செய்கிறேன். மிஷினின் எல்லையில் இருக்கும் லிமிட் சுவிட்சுகள் காரணமில்லாமல் அடித்து மிஷின் நடுவழியில் நிற்கும் தொல்லை பல இடங்களில் இதனால் குறைந்திருக்கிறது.

எர்த் பேச்சு எடுத்ததால் எர்த் குழியையும் சொல்லிவிடுகிறேன். நம் களிமண் ஈரமாக இருக்கும்வரை எர்த்துக்கு இதைவிட நல்ல மண் கிடையாது. வழக்கப்படி ஜனவரி 28இல் மேட்டூர் அணை மூடி, அறுவடையும் முடிந்து, பங்குனி சித்திரையில் வயல் பாளம் பாளமாக வெடிக்கும்போது குழிக்குள் இருக்கும் மண்ணும் குழாயை விட்டு விலகுகிறது. ஜூன் 12இல் தண்ணீர் திறந்து வாய்க்காலுக்கு வரும்வரை வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் அந்தக் குழியில் ஊற்றச் சொல்லி வையுங்கள். வி.எஃப்.டி. இருக்கும் பட்டறையில் கசிவு மின்னோட்டத்தால், கசிவைக் கண்டால் மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் அடிக்கடி விழுவதுண்டு, அதற்காக எர்த் வயரைக் கழற்றி விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பட்டறையில் யாராவது முன்பே அப்படிச் செய்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேபிளின் பாரம் ஈயப்பற்றுக்கு வரக் கூடாது. கனெக்டரின் வாலில் இருக்கும் சிறு கிளாம்பு கேபிளின் வெளித்தோலைப் பிடிக்க வேண்டும், உள் வயர்களை அன்று. கேபிள் மெலிதாக இருந்தால் தோலின் மேல் இரண்டு சுற்று ஸ்லீவ் ஏற்றிப் பருமனாக்கிக்கொள்ளலாம். அது மட்டும் போதாது. கனெக்டரிலிருந்து ஒரு சாண் தூரத்தில், ஸ்பிண்டிலோடு சேர்ந்து மேலும் கீழும் போகும் தகட்டிலேயே கேபிளை இன்னொரு கிளாம்பால் கட்டி, இடையில் உள்ள துண்டு கொஞ்சம் தளர்ந்து, கனெக்டரைவிடக் கீழே தொங்கி ஏறுமாறு விடுங்கள். தண்ணீர் சொட்டினாலும் அந்தத் தொய்வின் அடியில் வடியும், கழுத்துக்கு ஏறாது.

எல்லாம் முடித்த பிறகு மறுபடி ஒருமுறை மூன்று இணைகளின் ஓமும், உடம்புக்கு மெக்கரும், எர்த்தும் பார்த்துவிட்டு, கேபிளை வி.எஃப்.டி.யின் யு, வி, டபிள்யு முனைகளில் இணையுங்கள். எந்த வயர் எந்த முள் என்ற உங்கள் கேள்விக்கு இங்கேதான் விடை: மூன்று பேஸுக்குள் வரிசை மாறினால் ஒன்றும் எரியாது, ஸ்பிண்டில் எதிர்ப்பக்கம் சுற்றும், அவ்வளவுதான், எர்த் மட்டும் எந்தக் காரணத்தாலும் இடம் மாறக் கூடாது. பிட்டையும் அதைப் பிடிக்கும் கோலெட் நட்டையும் கழற்றிவிட்டு, தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, 100 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். இரண்டு காந்த முனை கொண்ட மோட்டார் என்பதால் அது நிமிடத்துக்கு 6,000 சுற்று, 400இல் 24,000. மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள் போகும் பக்கம் சுற்ற வேண்டும். சுழலும் வேகத்தில் திசை தெரியாது, நிறுத்தும்போது கடைசிச் சுற்றுகளைப் பாருங்கள். எதிர்ப்பக்கம் என்றால், வி.எஃப்.டி.யை அணைத்துப் பத்து நிமிடம் காத்திருந்து, மூன்றில் ஏதாவது இரண்டை இடம் மாற்றுங்கள். திசை பார்க்காமல் பிட்டைப் போட்டுத் தேக்கில் இறக்கினால் வெட்டாமல் தேய்க்கும், புகை வரும், கார்பைடு முனை அன்றோடு முடிந்துவிடும்.

200, 300, 400 என்று ஐந்தைந்து நிமிடம் ஓட்டியபின் கிளாம்ப் மீட்டரால் மூன்று வயரையும் அளந்து பாருங்கள். சாதாரண கிளாம்ப் மீட்டர் இந்த அதிர்வெண்ணில் சரியான ஆம்பியரைக் காட்டாது. ஆனால் மூன்றும் சமமா என்பதைச் சொல்லிவிடும், நமக்கு வேண்டியதும் அதுவே. பிறகு பிட் போட்டு ஒரு வேண்டாத பலகையில் இருபது நிமிடம் வேலை கொடுத்து, நிறுத்தி, மின்சாரத்தை இறக்கிவிட்டுக் கனெக்டரின் கூட்டைக் கையால் பிடியுங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், பிடிக்க முடியாத சூடு என்றால் எங்கோ ஒரு பற்று நடிக்கிறது. கனெக்டர் குளிர்ந்திருந்தும் ஓவர்கரண்ட் வந்தால், வி.எஃப்.டி.யில் மோட்டாரின் ஆம்பியர், வோல்டேஜ், 400 ஹெர்ட்ஸ் ஆகியவை ஸ்பிண்டிலின் தகட்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பாருங்கள், அதன் பிறகு கையால் சுற்றிப் பேரிங்கைப் பாருங்கள்.

தை மாதக் கதவு நிற்கிறதே என்ற கவலைக்கு டேப்பைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. கூரியர் வரத் தாமதமானால், மூடியில் கனெக்டர் உட்காரும் துளையிலேயே அதற்குப் பொருந்தும் பித்தளைக் கேபிள் கிளாண்டு ஒன்றை முடுக்கி, கேபிளை நேராக உள்ளே இறக்கி, வயர்களை ஒவ்வொன்றாகக் கிரிம்ப் குழல் போட்டு நசுக்கி இணைத்து, ஸ்லீவ் ஏற்றி, எர்த்தை உடம்பில் லக் வைத்து இறுக்கி மூடிவிடலாம். கழற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் மூடியைத் திறக்க வேண்டியிருக்கும் என்பதைத் தவிர அதில் குறை ஒன்றும் இல்லை. கிளாண்டு நன்றாக இறுகியிருந்தால் தண்ணீரும் தூளும் கனெக்டரைவிடக் குறைவாகவே உள்ளே போகும். திருவையாற்றுப் பக்கம் ஒரு பட்டறையில் தற்காலிகம் என்று சொல்லி நான் அப்படி வைத்துக் கொடுத்தது இன்றுவரை அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டறைக்காரர்கள் வாங்கி வைத்த புதுக் கனெக்டர் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அவர்கள் அலமாரியில் இருக்கிறது.